மெயில் பேக்கப், இடமாற்றம்: கேள்வி பதில்

மின்னஞ்சலை நகலெடுத்து வைப்பது, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் நகல் எடுக்க வேண்டும், அடுத்து அந்த நகலைத் திறந்து சரிபார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் அழிக்க வேண்டும். என்னிடம் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை நடுவில் உள்ள அந்த வேலையை விட்டுவிட்டதால் வந்தவை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்: ஜிமெயிலில் 15 ஜிபியும் நிறைந்துவிட்டது. 2006 முதல் வந்த கடிதங்கள் இருக்கின்றன. மாதாமாதம் பணம் கட்ட விருப்பமில்லை. எதை அழிக்கலாம் சார்?

அம்மா, அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதையேதான் பங்கு போடுகின்றன. எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் இடத்தை அடைப்பது போன் கேமரா எடுத்த வீடியோக்கள்தான்.

மெயில்தான் காரணம் என்றால், கடிதங்களில் கை வைக்க வேண்டாம். எழுத்து மட்டும் உள்ள கடிதம் சில கேபிதான் இருக்கும். இடத்தை விழுங்குவது அட்டாச்மென்ட். மெயிலில் போகும்போது அது எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 6 எம்பி படம் 8 எம்பி ஆகிவிடும். தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் வடிகட்டும் குறியை அழுத்தி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுங்கள். வரும் பட்டியலில் உங்களுக்கு வேண்டியதைவிட வேண்டாததுதான் அதிகம் இருக்கும்.

அழிப்பதற்கு முன், உங்கள் தகவல்களின் நகலைத் தரும் கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய் ஜிமெயிலை மட்டும் தேர்ந்தெடுத்து நகல் கேளுங்கள். தயாரானதும் மெயிலில் ஒரு இணைப்பு வரும். அது ஏறக்குறைய ஒரு வாரம்தான் செல்லும், வந்தவுடன் இறக்கிவிடுங்கள். கிடைப்பது எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பு, ஆயிரக்கணக்கான மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஒரே நீளமான கோப்பு. அதை நோட்பேடில் திறக்க முயலாதீர்கள். தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற கூடுதல் கருவியைச் சேர்த்தால், உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குள் கொண்டுவந்து படிக்கலாம், தேடலாம்.

பத்துப் பதினைந்து மெயில்களைத் திறந்து பாருங்கள். மிகப் பழையது ஒன்று, தமிழில் எழுதியது ஒன்று, படம் இணைத்தது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்று பயப்பட வேண்டாம். ஜிமெயில் ஒரே உரையாடலில் உள்ள பல மெயில்களை ஒன்றாக எண்ணிக் காட்டும், தண்டர்பேர்ட் தனித்தனியாக எண்ணும். எல்லாம் சரி என்றால் பெரிய மெயில்களை அழித்துக் குப்பையையும் காலி செய்யுங்கள். குப்பையில் கிடக்கும் 30 நாளும் அவை உங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கல்லூரி மாணவர், சேலம்: போனிலும் லேப்டாப்பிலும் எல்லா மெயிலும் வருகிறதே, அதுவே பேக்கப் இல்லையா?

இல்லை தம்பி. அது ஐமேப் முறை. சர்வரில், அதாவது மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில், இருப்பதைக் கண்ணாடி போலக் காட்டும், அவ்வளவுதான். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கணக்கு முடங்கினால் எதையும் நம்பியிருக்க முடியாது. மெயில்களைத் தண்டர்பேர்டின் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுத்தால்தான் அது தனி நகல்.

பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம், திருப்பூர்: பழைய கம்ப்யூட்டரில் அவுட்லுக் இருக்கிறது, பத்து வருட ஆர்டர் மெயில்கள். புது கம்ப்யூட்டருக்கு எந்தக் கோப்பைக் கொண்டுபோக வேண்டும்?

அவுட்லுக்கில் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. பி.எஸ்.டி என்பது உங்கள் சொந்தப் பெட்டி, எடுத்துப் போகலாம். ஓ.எஸ்.டி என்பது சர்வரில் இருப்பதன் தற்காலிக நகல். அதைக் காப்பி செய்து புது கம்ப்யூட்டரில் வைத்தால் அவுட்லுக் திறக்காது. ஆகவே ஓ.எஸ்.டி மட்டும் இருந்தால், பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே அவுட்லுக்கின் ஏற்றுமதி வசதி வழியாக பி.எஸ்.டி ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை விற்றபிறகு ஓ.எஸ்.டியோடு வந்து நிற்பவர்களுக்கு நல்ல வழி சொல்வது கடினம்.

அளவையும் பாருங்கள். அவுட்லுக் 2002 வரையிலான பி.எஸ்.டிக்கு 2 ஜிபி எல்லை. அதைத் தொட்டால் கோப்பு கெட்டுவிடும். 2003, 2007 பதிப்புகளுக்கு 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. எல்லை வரை போகாதீர்கள், ஆண்டுக்கு ஒன்றாகப் பிரிப்பதே நல்லது. ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். காப்பி செய்யும் முன் அவுட்லுக்கை முழுதாக மூடுங்கள். கோப்பில் பிழை இருந்தால் மைக்ரோசாஃப்டின் ஸ்கேன்பிஎஸ்டி கருவி சரிசெய்யப் பார்க்கும். அதை ஓட்டுவதும் ஒரு நகலின் மேல்தான், மூலக் கோப்பின் மேல் வேண்டாம்.

பென்டிரைவில் ஏறவில்லை என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது அதில் உள்ளது அழியும், அதைக் கவனத்தில் வையுங்கள்.

ஆடிட்டர் அலுவலகம், கோவை: முக்கியமான மெயில்களை பிடிஎஃப் ஆக எடுத்து வைத்தால் போதாதா?

படிக்கப் போதும், நிரூபிக்கப் போதாது. மெயிலின் தலைப்பகுதியில் எந்தெந்த சர்வர் வழியாக, எந்த நேரத்தில் வந்தது என்ற தடமும் அதற்கே உரிய அடையாள எண்ணும் இருக்கும். பிடிஎஃப் அதைத் தொலைத்துவிடும். மெயிலை மூல வடிவிலேயே வைக்கும் இ.எம்.எல் கோப்பாகச் சேமித்தால் எல்லாம் அப்படியே இருக்கும். நீதிமன்றம் வரை போகக்கூடிய விஷயமென்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அங்கே மூலக் கோப்பு கையில் இருப்பது பெரிய பலம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு சேர்ந்த மெயில்களும் அதுவரை இருக்கட்டும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கும்.

வாசகர், கோலாலம்பூர்: 1999 வாக்கில் மின்மடல் குழுக்களில் எழுதிய தமிழ் மடல்கள் என்னிடம் உள்ளன. திறந்தால் ஏதோ கிறுக்கலாகத் தெரிகிறது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், மனம் தளராதீர்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முந்தைய காலம் அது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகள் முன்வைக்கப்பட்டன. மடற்குழுக்களில் திஸ்கி என்ற இன்னொரு குறியீடு பரவலாக இருந்தது. மடல் எந்தக் குறியீட்டில் உள்ளது என்பது மடலிலேயே சரியாகக் குறிக்கப்படாததால், இன்றைய மென்பொருள் அதை ஐரோப்பிய எழுத்துகளாக எடுத்துக்கொள்கிறது.

கிறுக்கலில் 'முக்கால்' என்ற பின்னக் குறி (¾) அடிக்கடி வருகிறதா பாருங்கள். வந்தால் அநேகமாக அது திஸ்கி, அந்த இடத்தில் இருக்கும் எழுத்து 'த'. என்.எச்.எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் ஒட்டி யூனிகோடுக்கு மாற்றுங்கள். திஸ்கி சரிவரவில்லை என்றால் டாப், டாம் என்று முயன்று பாருங்கள். மாற்றிய பிறகும் மூல இ.எம்.எல் கோப்பை எறிய வேண்டாம். பழைய மடலை இன்னொரு கணக்குக்கு ஃபார்வர்ட் செய்து பாதுகாப்பதும் கூடாது. அப்படிச் செய்யும்போது சில மென்பொருள்கள் தெரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கிவிடும். கேள்விக்குறி ஆனதை எந்தக் கருவியாலும் திருப்ப முடியாது. தமிழ் இணையத்தின் தொடக்க காலத்துப் பேச்சு இவை, உங்களிடம் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். தயவுசெய்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

சிறு நிறுவனம், சென்னை: நிறுவனப் பெயரில் உள்ள மெயிலை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றுகிறோம். 12 பேர். மெயில் தொலையாமல் மாற்ற என்ன செய்ய வேண்டும்?

புது இடத்தில் 12 பெட்டிகளையும் முதலில் உருவாக்குங்கள். ஐமேப்சிங்க் கருவியால் பழையதிலிருந்து புதியதுக்கு நகலெடுங்கள். இது ஓடும்போது வழக்கமான வேலை நடக்கலாம். உங்கள் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்.எக்ஸ் பதிவு. அதன் டிடிஎல் நேரத்தை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஒரு நாள் முன்பே 300 விநாடியாகக் குறைத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பதிவை மாற்றுங்கள். மறுபடி ஐமேப்சிங்கை ஓட்டினால் நடுவில் வந்தவை மட்டும் சேரும். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்தது என்று உறுதிசெய்ய உதவும் எஸ்.பி.எஃப், டிகிம் பதிவுகளை மாற்ற மறந்தால் நீங்கள் அனுப்புவது எதிராளியின் ஸ்பேமில் விழும். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது விட்டுவையுங்கள். தொடர்பு முகவரிகளும் காலண்டரும் ஐமேப் வழியாக வராது, தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். மெயிலைக் கம்ப்யூட்டரில் இறக்கி சர்வரிலிருந்து நீக்கிவிடக்கூடிய பாப் முறையை யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால், அவருடைய பழைய மெயில் சர்வரில் இல்லாமலே இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரைத் தனியாகப் பாருங்கள்.

குடும்பத் தலைவி, திருச்சி: அப்பா போன வருடம் காலமானார். அவர் ஜிமெயிலின் பாஸ்வேர்டு தெரியாது. அதில் உள்ளதை எடுக்க வழி உண்டா?

ஆழ்ந்த வருத்தங்கள் அம்மா. இறந்தவரின் கணக்கு பற்றி விண்ணப்பிக்க கூகுளின் உதவிப் பக்கத்தில் படிவம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பாஸ்வேர்டைத் தர மாட்டார்கள், உள்ளடக்கத்தைத் தருவதும் அவர்கள் பரிசீலனையைப் பொறுத்தது. தள்ளிப்போடாதீர்கள், 2 ஆண்டு பயன்படுத்தாத கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி.

மற்ற வாசகர்களே, உங்கள் கணக்கிலேயே 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' பகுதியை இப்போதே நிரப்பிவிடுங்கள். நீங்கள் குறிப்பிடும் காலம் வரை கணக்கு அசையாமல் கிடந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, 10 பேர் வரை, தகவல் போகும். மெயிலை அவர்கள் இறக்கிக்கொள்ளலாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

வாசகர், ஈரோடு: எத்தனை நாளுக்கு ஒருமுறை பேக்கப் எடுக்கணும்?

வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். டேக்அவுட்டில் அப்படி ஒரு வருடத்துக்கு அமைத்து வைக்கும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் வரும் இணைப்பை நீங்கள்தான் இறக்க வேண்டும், வருடம் முடிந்தால் மறுபடி அமைக்கவும் வேண்டும்.