நண்பர்கள் நடத்தும் செய்தித் தளத்தில் என் செய்தியை மாற்றிவிட்டார்கள். எதை, ஏன் மாற்றினோம் என்று சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டா?

உண்டு. சட்டம் என்ன சொல்லும் என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. கீழே உங்கள் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றியிருப்பார்கள், கேட்டால் "குழுவில் பேசி எடுத்த முடிவு" என்றிருப்பார்கள். அப்படித்தானே?

எங்கள் பகுதி ஆர்வலர்கள் நடத்திய தளம் ஒன்று, பெயர் வேண்டாம். ஏரிக்கரையில் கட்டடக் கழிவு கொட்டுவதைப் பற்றி எழுதினேன். லாரி எந்த வேலையிடத்திலிருந்து வருகிறது என்பதையும் படத்தோடு போட்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் அந்தப் பத்தியைக் காணோம். தலைப்பு "ஏரியைக் காப்போம்" என்றாகிவிட்டது. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு எழுதியது மாதிரி! டீக்கடையில் "என்ன சார், பில்டர் கவனிச்சுட்டாரா?" என்று சிரித்தார்கள். வெட்டியவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

வெட்டியதே தப்பு என்று சொல்லவில்லை. அவதூறு வழக்குக்குப் பயந்திருக்கலாம், அந்தப் பயம் நியாயமாகவும் இருக்கலாம். அதை ஒரு வரியில் எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

2004 இறுதியில் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் சகோதரச் செய்தித் தளமான விக்கிசெய்தியைப் பாருங்கள். அதையும் சம்பளம் வாங்காதவர்கள்தான் எழுதினார்கள். 'வரலாறு' பக்கத்தைத் திறந்தால் யார், எப்போது, எந்தச் சொல்லை எடுத்தார் என்று எல்லாம் கிடக்கும். ஆங்கிலப் பதிப்பில் எழுதியவரே வெளியிட முடியாது என்று விதி இருந்தது. அந்தச் செய்தியில் கை வைக்காத இன்னொருவர் காப்புரிமை, செய்தித்தகுதி, ஆதாரம், நடுநிலை, நடை ஐந்தையும் பார்த்து, தேறியதா இல்லையா என்று அந்தச் செய்திக்கான பேச்சுப் பக்கத்தில் பகிரங்கமாக எழுதினார். வெளியாகி 24 மணி நேரம் தாண்டினால் உள்ளடக்கத்தைத் தொடக்கூடாது என்றும் விதி இருந்தது. பிழை தெரிந்தால் மேலே திருத்தக் குறிப்பு போட வேண்டியிருந்தது.

"அது எப்போதோ படுத்துவிட்டதே" என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார். தெரியும் ஐயா. சரிபார்க்க ஆளில்லாமல் செய்திகள் காத்துக் கிடந்து பழசாகின. 2011-ல் ஒரு சாரார் வெளியேறித் தனித் தளமே தொடங்கினார்கள். ஆனால் தாமதம் சரிபார்ப்பால் வந்தது. வரலாற்றுப் பக்கம் தானாகப் பதிவாகிறது, அதனால் யாருக்கு என்ன நேரம் வீண்?

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் ஓடினால், யாரும் அணைத்து வைக்காதவரை, பழைய வடிவங்கள் உள்ளேயே இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தளத்தில் வெட்டுப்பட்ட அந்த லாரிப் படத்தை ஒரு நாளிதழ் பிறகு பெரிதாகப் போட்டது. கீழே "நன்றி: இணையம்". விடியற்காலையில் கொசுக்கடியோடு நின்று எடுத்தவன் நான், நன்றி இணையத்துக்கு! போன் செய்தால் ஆசிரியர் மீட்டிங்கில் இருக்கிறாராம். இன்னும் முடியவில்லை போல.