லட்ச ரூபாய் டிவி தேவையா?

கேள்வி: 65 அங்குல ஓஎல்இடி டிவிதான் வேண்டும் என்கிறான் மகன். சாதாரண எல்இடியைவிட விலை மிக அதிகம். கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வீட்டில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஓஎல்இடியில் திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்னால் விளக்கு கிடையாது, அதனால் கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு மிகத் தெளிவான 4கே-யில் படம் பார்ப்பவர்களுக்கு அந்தக் காசு வீணில்லை. ஆனால் நாள் முழுக்கக் கேபிளில் சீரியலும் செய்தியும்தான் ஓடுகிறது என்றால் வேண்டாம், தெளிவு குறைந்த எஸ்டி சேனல் பெரிய திரையில் இன்னும் மங்கலாகத்தான் தெரியும், அதோடு சேனல் லோகோ ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் திரையில் தடம் பதியவும் வாய்ப்புண்டு. வெயில் அடிக்கும் கூடமா? பிரகாசமான எல்இடியே மேல். அப்புறம், மெலிசான டிவிகளில் சத்தம் பெரும்பாலும் சுமார்தான், மிச்சப் பணத்தில் ஒரு சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) வாங்கிவிடுங்கள்.