கப்பல்காரன் பதில்கள்: பில்லில் விழும் அந்த 18 டொலர்

(சொகுசுக் கப்பல்களில் பயணிகளின் அறைகளைப் பார்க்கும் கெபின் ஸ்டுவர்டாகத் தொடங்கி ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக ஓய்வுபெற்று, இப்போது கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிப்ஸைப் பற்றியே இருந்தன.)

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் இருந்து நாலு இரவு குரூஸ் போகிறோம். டிக்கெட்டுக்குக் காசு கட்டின பிறகுதான் பார்த்தேன், தலைக்கு நாளுக்கு 18 டொலர் கிராஜுவிட்டி (டிப்ஸ்) என்று தனியாகப் போடுவார்களாம். டொரொன்டோவில் இருக்கும் என் அண்ணா, "கடைசி நாள் கவுண்டருக்குப் போய்ச் சொன்னால் கழித்துவிடுவார்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்" என்கிறார். கழிக்கச் சொல்லலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சொல்லலாம் தங்கச்சி. அநேகமான கொம்பனிகளில் கவுண்டரில் இருக்கும் பிள்ளை ஒரு காரணம் கேட்கும், ஒரு படிவம் நீட்டும், கழித்துவிடும். உங்கள் அண்ணா சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் அதைச் செய்யவேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் கணக்கு. நாலு பேர், நாலு இரவு, 18 டொலர்: மொத்தம் 288 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 86,400 ரூபாய். காலி வீதியில் ஒரு நல்ல கடையில் நாலு பேர் சாப்பிட்டு, பில்லில் பத்து வீத சேவைக் கட்டணம் கட்டிப் பழகிய நமக்கு இது நெஞ்சை அடைக்கும் தொகைதான். பெரிய அமெரிக்கக் கொம்பனிகளில் இன்றைக்கு 16 முதல் 20 டொலர் வரை சாதாரணம், சுவீட் எனும் சொகுசு அறை என்றால் அதற்கும் மேலே. பிள்ளைகளுக்குக் குறைப்பதும் அபூர்வம், கைக்குழந்தையை மட்டும் சில கொம்பனிகள் விட்டுவிடும்.

இந்தக் காசு உங்கள் கெபினைப் பார்ப்பவர், சாப்பாட்டு மேசையில் நிற்பவர், அவருடைய உதவியாளர் ஆகியோருக்குப் போகிறது. சில கொம்பனிகளில் நீங்கள் கண்ணால் காணாத சலவைக்காரருக்கும் பங்குண்டு. இதை அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய சம்பளமே இதுதான். நான் சேர்ந்த காலத்தில் என் ஒப்பந்தத்தில் இருந்த அடிப்படைச் சம்பளம் மாதம் 50 டொலர். மிச்சமெல்லாம் பயணி கையில். இப்போது பல கொம்பனிகள் மாதத்துக்கு இவ்வளவு குறையாமல் கிடைக்கும் என்று ஒரு தொகையை எழுதித் தருகின்றன. ஆனாலும் அந்தத் தொகையை நிரப்புவதற்கு முதலில் எடுப்பது உங்கள் 18 டொலரைத்தான். அந்தத் தொகைக்கு மேலே போகும் மாதத்தில் நீங்கள் கழித்தால் கொம்பனி முதலாளிக்கு ஒரு கீறலும் விழாது. கீழே உள்ளவனின் மாதக் கணக்குத்தான் இறங்கும்.

முன்பு டிப்ஸ் எல்லாம் கவரில்தான். கடைசி இரவு பயணிகள் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரும்போது கையில் நாலைந்து சின்னக் கவர் கொண்டுவருவார்கள்: வெயிட்டருக்கு ஒன்று, உதவியாளருக்கு ஒன்று, கெபின்காரனுக்கு ஒன்று. அந்த இரவில் சில மேசைகள் காலியாகவே கிடக்கும். ஆறு இரவும் இறால் இரண்டாம் தட்டுக் கேட்டு வாங்கின குடும்பம், ஏழாம் இரவு மேல்தளத்து பஃபேயில் நின்று பீட்சா சாப்பிடும். வெயிட்டர்மார் அந்தக் காலி மேசைக்கும் துவாய் மடித்து, கண்ணாடி துடைத்து, முள்ளுக்கரண்டி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நிற்பார்கள். நாளாந்தம் பில்லில் போடும் முறை வந்ததற்கு இந்தக் காலி மேசைகளும் ஒரு காரணம்.

அண்ணாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். "பில்லில் கழித்துவிட்டு, பிடித்தவனுக்குக் கையில் கொடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில கொம்பனிகளில், பில்லில் கழித்த பயணியிடம் இருந்து கையில் வாங்கின காசையும் சிப்பந்தி எல்லோருக்கும் பங்கிடும் பொதுக் காசோடு சேர்த்து ஒப்படைக்கவேண்டும். அந்தக் கெபின் கழித்த கெபினா இல்லையா என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். நானும் அந்த லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

உண்மையிலேயே சேவை மோசம் என்றால் கழிக்கலாமா? முதல் நாளே கவுண்டரில் முறையிடுங்கள், ஆளை மாற்றுவார்கள், திருத்துவார்கள். கடைசி நாள் வரை சிரித்துவிட்டுக் கடைசியில் கழிப்பது எனக்குப் பிடிக்காத குணம்.

கேள்வி: பில்லில் கட்டின பிறகு கையிலும் கொடுக்கவேண்டுமா? எவ்வளவு? நல்ல சிலோன் தேயிலைப் பக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவார்களா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கட்டாயமில்லை. மனசு வந்தால் கெபின்காரருக்கு ஒரு பத்து, இருபது டொலர் கொடுங்கள். பயணி கழிக்காத பட்சத்தில் அது முழுக்க அவருக்கே. ரூபாய்த் தாள் கொடுக்காதீர்கள், நடுக்கடலில் அதை எங்கே மாற்றுவது? சில்லறைக் காசும் வேண்டாம். கிழிந்த, பேனையால் கிறுக்கின டொலர்த் தாளையும் தள்ளிவிடாதீர்கள். கோட்டையில் காசு மாற்றும் கடைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டுகிறானே, அதே முகத்தைத்தான் வெளிநாட்டுத் துறைமுகத்திலும் அவர்கள் பார்க்கவேண்டும்.

தேயிலை கொடுங்கள், தப்பில்லை. என் கெபினில் மேல்கட்டிலில் படுத்த பிலிப்பினோப் பையன், நான் கொடுத்த நுவரெலியாத் தேயிலையை அந்த ஒப்பந்தம் முழுக்கத் திறக்கவே இல்லை. காலையில் எழுந்தால் அவனுக்குப் பால்மா போட்ட கோப்பிப் பொடிதான்.

தேயிலையை விட பெறுமதியான ஒன்று உண்டு, உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லாதது. பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் கருத்துப் படிவம் வரும். அதில் அந்த ஆளின் பெயரையும் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். அடுத்த பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அதைப் பார்க்கிறார்கள். நெஞ்சில் உள்ள பெயர்த்தகட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு பெயர் மறந்துபோகும்.

பாரில் கவனம். குடிக்கும் ஒவ்வொன்றுக்கும் 18 அல்லது 20 வீதம் தானாகவே சேர்ந்திருக்கும், ஸ்பாவிலும் அப்படித்தான். அதற்குக் கீழே இன்னொரு வெற்றுக்கோடு இருக்கும், மேலதிக டிப்ஸ் எழுதுவதற்கு. அதை நிரப்பாமல் விட்டால் ஒருவரும் முறைக்கமாட்டார்கள். நம்மவர்கள் வெட்கப்பட்டு அதிலும் எதையாவது எழுதிவிட்டு, கெபினுக்கு வந்து மனைவியிடம் ஏச்சு வாங்குவதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: மகன் ஹோட்டல் டிப்ளோமா முடித்தவன், வயது 23. ஒரு ஏஜென்சி கெபின் ஸ்டுவர்ட் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லி ஆறு இலட்சம் கேட்கிறது. விசாவுக்கும் தங்களுடைய கமிஷனுக்கும் என்கிறார்கள். மாதம் 1,500 டொலர் வருமாம். நகையை வைத்துக் கட்டலாமா?
– ஒரு தாய், மட்டக்குளி

பதில்: அம்மா, நகையை லொக்கரிலேயே வையுங்கள்.

கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2006 என்று ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தொழில் அமைப்பு கொண்டுவந்தது, 2013 ஓகஸ்டில் அமுலுக்கு வந்தது, இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. கப்பலில் கட்டில் விரிப்பவனும் அதன்படி கடலோடிதான். வேலை எடுத்துத் தருவதற்காக கடலோடியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக்கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மகன் செலவழிக்கவேண்டியவை மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்றவைதான். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. ஏஜென்சி உங்களிடம் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்றுக்கும் உங்களிடம் காசு கேட்க இடமில்லை. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று இருக்கிறது: தீயணைத்தல், உயிர்காப்புப் படகு, முதலுதவி எல்லாம் சேர்ந்தது. அதற்குப் பயிற்சி நிலையத்தில் கட்டணம் கட்டவேண்டி வரும், அது வேறு விஷயம், பற்றுச்சீட்டோடு கட்டுங்கள். ஏஜென்சிக்கு உத்தரவுப் பத்திரம் இருக்கிறதா என்று வேலைவாய்ப்புப் பணியகத்திலும் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் "பிறகு எடுங்கள்" என்பார்கள்.

1,500 டொலர் என்பது நடக்காத தொகை இல்லை. ஆனால் அதில் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு டிப்ஸ் பங்கு, எவ்வளவுக்குக் குறையாமல் தருவோம் என்று எழுதியிருக்கிறார்கள், இந்த மூன்றையும் ஒப்பந்தத் தாளில் மகன் விரல் வைத்துக் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் கையெழுத்து வைக்கவேண்டாம். இன்னொன்று, அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கிக் கனவு காணாதீர்கள். ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம். நடுவில் வீட்டில் இருக்கும் ஆறு வாரம், இரண்டு மாதத்துக்கு இந்த வேலைக்காரருக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. அந்த இரண்டு மாதத்தில்தான் கலியாணம், வீட்டுத் திருத்தம், கோயில் திருவிழா எல்லாம் வந்து நிற்கும்.

வேலை எப்படி? சட்டப்படி 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம் ஓய்வு, வாரத்தில் 77. வேலை வாரத்தில் ஏழு நாளும். பயணிகள் மாறும் நாள்தான் கொடுமை: காலை எட்டரைக்குப் பழையவர்கள் இறங்குவார்கள், பின்னேரத்துக்குள் அத்தனை கட்டிலும் விரித்து, அத்தனை கழிப்பறையும் தேய்த்து, புதியவர்களின் பெட்டியை வாசலில் வைத்துவிடவேண்டும். சிப்பந்தி கெபின் தண்ணீர் மட்டத்துக்கு அருகில், ஜன்னல் இல்லாதது, இரண்டு பேர் படுப்பது. அமெரிக்கக் கப்பல்களில் கீழ்த்தளத்தின் நீளமான நடைபாதையை ஐ-95 என்பார்கள், அவர்களுடைய நெடுஞ்சாலை ஒன்றின் பெயர். அதில் ஓடாமல் நடப்பவன் புதியவன். சாப்பாடு, படுக்கை, மருந்து இலவசம், ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்கு டிக்கெட்டும் கொம்பனி செலவு.

போகவேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. நான் கட்டின வீடு அந்தக் காசில்தான். ஆறு இலட்சம் கொடுத்துப் போகவேண்டாம் என்கிறேன்.

கேள்வி: இவ்வளவு பெரிய அமெரிக்கக் கொம்பனிகள். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு டிக்கெட் விலையில் சேர்த்தால் என்ன?
– வாசகர், தெமட்டகொடை

பதில்: சேர்க்கலாம். சிலர் சேர்த்தும் விட்டார்கள். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் நாளாந்த டிப்ஸ் கட்டணத்தைத் தூக்கிவிட்டது. சில்வர்சீ, சீபோர்ன் போன்ற விலை கூடிய கப்பல்களில் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். மற்றவர்கள் சேர்க்காததற்குக் காரணம், விளம்பரத்தில் டிக்கெட் விலை சின்னதாகத் தெரியவேண்டும். அவ்வளவுதான்.

சட்டம் ஏன் கேட்கவில்லை என்றால், கந்தோர் மயாமியில் இருந்தாலும் கப்பலின் பின்பக்கம் பறப்பது பஹாமாஸ் கொடி, அல்லது பனாமா, மோல்ட்டா. கொடி எந்த நாடோ சட்டம் அந்த நாட்டினுடையது. அமெரிக்கக் குறைந்தபட்சச் சம்பளம் அங்கே ஏறாது. அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய கப்பல் ஹவாயைச் சுற்றும் பிரைட் ஒஃப் அமெரிக்கா. வெளிநாட்டுக் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக்கூடாது என்று 1886இல் போட்ட சட்டம்தான் அதற்குக் காரணம். அதில் சிப்பந்திகளும் பெரும்பாலும் அமெரிக்கர்களே. அப்படியிருந்தும் பயணியிடம் நாளாந்தக் கட்டணத்தை அங்கேயும் அறவிடுகிறார்கள்! சட்டம் ஒரு பக்கம் என்றால், பழக்கிவிட்ட பழக்கம் இன்னொரு பக்கம்.

கேள்வி: நான் ஹாபர் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறேன். குரூஸ் கப்பல் வந்தால் நல்ல ஓட்டம். அமெரிக்கக்காரர் டிப்ஸ் தருகிறார்கள், சில ஐரோப்பியர் மீற்றர்க் காசை எண்ணித் தருகிறார்கள். கஞ்சத்தனமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஊர்ப் பழக்கம் தம்பி. ஐரோப்பாவில் வெயிட்டருக்கு ஒழுங்கான சம்பளம் உண்டு, அதனால் சில்லறையை விட்டுவிட்டு எழும்புவதோடு சரி. கோபிக்காதீர்கள்.

ஆனால் வாசலில் வெறும் தோள்பையோடு அவசரமாக வருகிறவர்களைக் கவனியுங்கள். அவர்கள் சிப்பந்திகள். மூன்று நாலு மணித்தியாலம்தான் கிடைக்கும். அதற்குள் சிம் வாங்கி, வீட்டுக்குக் காசு அனுப்பி, இலவச வைஃபை உள்ள இடம் தேடிப் பிள்ளையின் முகம் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடவேண்டும். காலிமுகத்திடல் சுற்றிக்காட்டுகிறேன் என்று அவர்களை இழுக்காதீர்கள். நேரே புறக்கோட்டைக்கு விடுங்கள், மீற்றரைப் போடுங்கள்.

கேள்வி: கப்டனுக்கு டிப்ஸ் கொடுக்கலாமா?
– பாடசாலை மாணவி, மருதானை

பதில்: வேண்டாம் மகள். அவருக்கு நல்ல சம்பளம், அதிகாரிகள் டிப்ஸ் வாங்குவதில்லை. கைகுலுக்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் அந்தப் படத்தைக் கப்பல் புகைப்படக்காரர் எடுத்தால் பிரிண்ட் இருபது டொலராவது சொல்லுவார்கள். அப்பாவின் போனில் எடுங்கள்.