ஃபிளாஷ் அடிக்கிறது, படம் மட்டும் இருட்டு

கேள்வி: கேமரா மேல் தனி ஃபிளாஷைப் பொருத்தி, தலையைக் கூரைப் பக்கம் திருப்பி பவுன்ஸ் செய்கிறேன். டி.டி.எல். (லென்ஸ் வழி வரும் ஒளியை அளந்து ஃபிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை), ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கான உணர்திறன்) 100, அப்பர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 1/125 விநாடி. மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர்கூட இருட்டாக விழுகிறார். ஃபிளாஷ் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஃபிளாஷிடம் வெளிச்சம் தீர்ந்துவிட்டதா, கையில் வைத்துக்கொண்டே குறைத்துக் கொடுக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஃபிளாஷ் காம்பன்சேஷனை (டி.டி.எல். தரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) +2 ஆக்கி அதே படத்தை மறுபடி எடுங்கள். துளியும் கூடவில்லை என்றால் அது ஏற்கெனவே முழு பவரில் அடிக்கிறது. நன்றாகக் கூடினால் கோளாறு அளவீட்டில்.

உங்கள் செட்டிங்கைப் பார்த்தால் முதலாவதுதான். ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு எண்ணை மீட்டர் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அப்பர்ச்சர் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-இல் கைடு எண் 40 என்றால் நேரடியாக 3 மீட்டருக்கு எஃப்/13 வரை தாங்கும். பவுன்ஸில் வெள்ளைக் கூரையே ஏறக்குறைய 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) விழுங்கிவிடும். 40 என்பது 20 ஆகிறது. ஒளி ஏறி இறங்கும் பாதை 5 மீட்டர் என்று வையுங்கள்: எஃப்/4. நீங்கள் வைத்திருப்பது எஃப்/8, ஆக 2 ஸ்டாப் பற்றாக்குறை. ஒளியைப் பரப்பும் டிஃப்யூஸர் மூடி போட்டிருந்தால் இன்னும் குறையும். பெட்டியில் 60 என்று அச்சிட்டிருந்தாலும் நம்பி இறங்க வேண்டாம். அது பெரும்பாலும் ஃபிளாஷ் தலையை முழுக்க ஜூம் செய்து அளந்த எண்.

ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/5.6 வையுங்கள். 4 ஸ்டாப் கிடைக்கும். பற்றாக்குறை போக 2 ஸ்டாப் மிச்சம், அதனால் ரீசைக்கிளும் (அடுத்த அடிக்கு ஃபிளாஷ் தயாராவது) வேகமாகும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றத் தயங்காதீர்கள். இருட்டுப் படத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கினால் வரும் நாய்ஸ் இதைவிட மோசம். ஷட்டர் வேகத்தைக் குறைப்பது அறை வெளிச்சத்தைத்தான் கூட்டும், ஃபிளாஷை அல்ல. ஆனால் சிங்க் வேகமான (ஃபிளாஷ் சாதாரணமாக ஒத்துழைக்கும் உச்ச ஷட்டர் வேகம்) 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டி ஹை ஸ்பீட் சிங்க்குக்குப் போனால் ஃபிளாஷின் பலம் 2 ஸ்டாப்புக்கு மேல் விழும்.

முதல் சோதனையில் +2-இல் படம் தெளிந்ததா? வெள்ளை உடை, பின்னால் கண்ணாடி, ஜன்னல் ஆகியவை டி.டி.எல்.லை ஏமாற்றும். +1-இலிருந்து தொடங்குங்கள்.

ஃபிளாஷ் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தும் படத்தில் அதன் ஒளியே இல்லை என்றால், அதைக் கேமராவிலிருந்து கழற்றி ஸ்லேவாக (இன்னொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்து அடிப்பதாக) வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எஸ்1 என்ற ஸ்லேவ் முறையில் அது பிரதான ஃபிளாஷின் ப்ரீஃபிளாஷுக்கே (படத்துக்கு முன் அளவீட்டுக்காக அடிக்கும் சிறு ஒளி) அடித்து முடித்துவிடும். ப்ரீஃபிளாஷைப் பொருட்படுத்தாத எஸ்2-க்கு மாற்றுங்கள், அல்லது பிரதான ஃபிளாஷை மேனுவலில் வையுங்கள்.

முதல் படம் சரி, அடுத்தது இருட்டு என்றால் பேட்டரி. ரெடி விளக்கு பல ஃபிளாஷ்களில் சார்ஜ் முழுதாக ஏறும் முன்பே எரிந்துவிடும். இரண்டு விநாடி கூடுதலாகப் பொறுங்கள். பழையதும் புதியதும் கலக்காமல், ஒரே சமயத்தில் சார்ஜ் செய்த நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் போடுங்கள். ஹாட் ஷூ (கேமரா மேல் ஃபிளாஷ் செருகும் இடம்) பின்களை உலர்ந்த துணியால் துடைத்து, ஃபிளாஷைக் கடைசிவரை தள்ளிப் பூட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மேனுவல் 1/1 (முழு பவர்), தலை நேராக, ஜூம் 50 மி.மீ., ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 வைத்து 3 மீட்டர் தூரத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். கைடு எண் 40 அளவுள்ள ஃபிளாஷில் சுவர் வெளுத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள், பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.