ஒரு செமஸ்டர் டெல்லியில்: நகையை அடகு வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கரூரில் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 30,000 ரூபாய். மனைவி வீட்டில் தைத்துக் கொடுத்து மாதம் 7,000 வரை சம்பாதிக்கிறார். மகள் கோவையில் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஐந்தாவது செமஸ்டரை டெல்லியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்க, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகியிருக்கிறாள். ஜூலையில் போய் டிசம்பரில் திரும்ப வேண்டும். கல்லூரிக் கட்டணம் செமஸ்டருக்கு 60,000. அதற்கு 5 லட்சம் கல்விக்கடன் இருக்கிறது. ஹாஸ்டல் 36,000, கைச்செலவு மாதம் 4,000 இரண்டும் நான் கட்டுவது. டெல்லியில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஹாஸ்டலும் சாப்பாடும் 40,000, சேவைக் கட்டணம் 8,000, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 10,000, விமான டிக்கெட்டுகள் 30,000, குளிர் உடை, பெட்டி என 15,000, ஐந்து மாதச் செலவு 35,000. மொத்தம் 1,38,000 வருகிறது. மாதம் 5,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு ஜூனில் முடிகிறது. ஆனால் அதில் 35,000 மகனின் பிளஸ் ஒன் செலவுக்கு வேண்டும். சீட்டை இப்போதே தள்ளி எடுக்கலாமா, மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? இவ்வளவு செலவு செய்து அனுப்புவது சரிதானா?

பதில்: அனுப்புங்கள். தமிழ் வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பொறியியல் கல்லூரிக்குள் போன ஒரு பெண் (புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதாகக் கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள்), ஐந்து மாதம் வேறு ஊரில், வேறு மொழிக்காரர்களோடு உட்கார்ந்து படிக்கப் போகிறாள். வேலைக்கான நேர்காணலில் அந்தப் பழக்கம் எவ்வளவு கைகொடுக்கும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐந்தாவது செமஸ்டர் என்பதும் நல்ல நேரம். ஏழாவது என்றால் நானே யோசித்திருப்பேன், அப்போதுதான் கேம்பஸ் தேர்வுகள் தொடங்கும்.

ஆனால் 1,38,000 என்ற கணக்கு சரியில்லை. டெல்லியில் ஆகும் செலவு முழுவதையும் கூட்டியிருக்கிறீர்கள். மகள் கோவையிலேயே இருந்தாலும் ஆகப்போகிற செலவை அதிலிருந்து கழிக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு 35,000 என்றால் மாதம் 7,000. அதில் 4,000 இப்போதும் நீங்கள் அனுப்புவதுதானே? கூடுதல் 3,000 மட்டும்தான், ஆக 15,000. ஹாஸ்டலும் அப்படித்தான். கோவை ஹாஸ்டலுக்கு அந்த செமஸ்டரில் 36,000 கட்ட வேண்டாம் என்று ஆகிவிட்டால், டெல்லிக்குக் கூடுதலாக 4,000 போதும்.

விமானம் வேண்டாம். கேரளா எக்ஸ்பிரஸ் ஈரோடு வழியாக நேராக டெல்லி போகிறது. கொண்டுபோய் விட நீங்களும் மகளும் போக, நீங்கள் மட்டும் திரும்ப, தீபாவளிக்கு அவள் வந்து போக, டிசம்பரில் ஊர் திரும்ப: மொத்தம் ஆறு டிக்கெட். மூன்றாம் வகுப்பு ஏசியில் ஒன்றுக்கு 2,500 வீதம் 15,000, வழிச் சாப்பாடு, ஆட்டோவுக்கு 1,000. மாணவர் சலுகையில் ஸ்லீப்பர் இன்னும் மலிவு. கல்லூரியில் படிவம் வாங்கிக் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் பெண் பிள்ளை தனியாக இரண்டு இரவு பயணம் செய்யும்போது ஏசிக்குக் கூடுதலாகத் தருவதைச் செலவாக நான் நினைக்க மாட்டேன். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். தீபாவளி டிக்கெட்டுக்கு அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டிசம்பரில் பனிமூட்டத்தால் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். தேர்வு முடிந்த அன்று மாலையே கிளம்புகிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள். குளிர் உடையைக் கரூரில் வாங்க வேண்டாம். நவம்பர் வரை தேவைப்படாது, டெல்லியில் சரோஜினி நகர் மாதிரியான சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும். 7,000 ஒதுக்கினால் தாராளம்.

இப்போது கூட்டுங்கள். ஹாஸ்டல் வித்தியாசம் 4,000, சேவைக் கட்டணம் 8,000, டெபாசிட் 10,000, ரயில் 16,000, உடை 7,000, கைச்செலவு 15,000. மொத்தம் 60,000.

சீட்டை ஜூன் வரை விட்டு வைத்தால், நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் போக 95,000 கைக்கு வரும். டெல்லிக்கு 60,000, மகனுக்கு 35,000. அப்படியே பொருந்துகிறது. இப்போதே தள்ளி எடுத்தால் தள்ளுபடியில் சில ஆயிரங்களை இழப்பீர்கள், எதற்கு? பெரிய பணம் கட்ட வேண்டியதே ஜூலையில்தான்.

இந்தக் கணக்கு நிற்பது கோவை ஹாஸ்டல் வார்டன் தரும் பதிலில். பல ஹாஸ்டல்களில் ஆண்டுக் கட்டணமாகவே வாங்குவார்கள். கேட்காதவர்களுக்குக் கழித்துத் தர மாட்டார்கள். அதனால் மகள் இந்த வாரமே எழுத்தில் கேட்கட்டும்: ஜூலை முதல் டிசம்பர் வரை கல்லூரியின் அனுமதியோடு வெளியே படிக்கிறேன், அந்த செமஸ்டர் கட்டணத்திலிருந்து விலக்கு வேண்டும், ஜனவரியில் இடம் உறுதி செய்து தர வேண்டும். பரிமாற்றத் திட்ட ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். ஜனவரி இடத்தை மறந்துவிடாதீர்கள். திரும்பி வந்து இடமில்லாமல் வெளியே அறை எடுக்க நேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும்.

வார்டன் மறுத்தால் செலவு 96,000 ஆகிவிடும். அப்போதும் நகை வேண்டாம், கல்விக்கடன் கொடுத்த வங்கிக்குப் போங்கள். கல்விக்கடன் விதிகளில் ஹாஸ்டல் கட்டணமும் அடங்கும். 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதியின் கீழ் சொத்து அடமானம் கேட்காமல் கொடுக்கிறார்கள், உங்களுடையது 5 லட்சம்தான். டெல்லி ஹாஸ்டல் பில்லையும் கல்லூரிக் கடிதத்தையும் வைத்து 40,000 கூடுதல் அனுமதி கேளுங்கள். ரயில் செலவை அதில் சேர்க்காதீர்கள், பயணச் செலவு வெளிநாட்டுப் படிப்புக்குத்தான் உண்டு. அடகுக் கடனைப் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீட்டாக வேண்டும். கல்விக்கடனைப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பத் தொடங்கினால் போதும்.

கூடுதல் கடன் கேட்காவிட்டாலும் மேலாளரைப் போய்ப் பாருங்கள். உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,44,000. மத்திய அரசின் கல்விக்கடன் வட்டி மானியத்துக்கு வரம்பு 4.5 லட்சம், அதனால் உங்களுக்கு அது வந்துகொண்டிருக்கலாம். படிப்பை இடையில் விட்டவர்களுக்கு மானியம் கிடையாது. ஒரு செமஸ்டர் மகள் கோவையில் இல்லை என்பதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ‘இவர் எங்கள் மாணவி, எங்கள் அனுமதியோடு இன்ன தேதி வரை அங்கே படிக்கிறார்’ என்று கல்லூரி தரும் சான்றின் நகல் வங்கிக் கோப்பில் இருக்கட்டும். புதுமைப் பெண் தொகைக்கும் இதே சான்று உதவும். ஐந்தாவது செமஸ்டரின் 60,000 வழக்கம்போலக் கோவைக் கல்லூரிக்கே போக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் செலவுக் கணக்கு. நான் உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு, அது உங்கள் கடிதத்தில் இல்லை. டெல்லியில் படித்து வாங்கும் கிரெடிட்டுகளை, அதாவது பட்டத்துக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் புள்ளிகளை, கோவைக் கல்லூரி அப்படியே ஏற்றுக்கொள்ளுமா?

2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மாணவர் எங்கே படித்தாலும் கிரெடிட்டுகள் ஒரே கணக்கில் சேரும். மகளின் அபார் என்ற மாணவர் அடையாள எண்ணில், டிஜிலாக்கரில் அது தெரியும். ஆனால் கணக்கில் சேர்வதால் மட்டும் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. டெல்லியில் படிக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்று துறை முடிவு செய்ய வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து பாடத்திட்டம் வேறாக இருக்கலாம். இங்கே நான்கு கிரெடிட், அங்கே மூன்று என்றும் இருக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டக் குழு அவர்களுடையதே, முடிவெடுக்க வெளியே போக வேண்டியதில்லை. அது உங்களுக்குச் சாதகம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஒரு குடும்பம் வந்தது. பையன் இதேபோல வெளிமாநிலத்தில் ஒரு செமஸ்டர் படித்து நல்ல மதிப்பெண்ணோடு திரும்பியிருந்தான். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று துறையில் வாயால் சொன்னவர் அதற்குள் மாறிப்போயிருந்தார். புதிதாக வந்தவர் இரண்டு பாடங்களை ஏற்கவில்லை. கடைசி ஆண்டில் அவற்றையும் சேர்த்து எழுதி, ஒன்று நிலுவையாகி, பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கிடைத்திருந்த வேலையும் காத்திருக்கவில்லை. அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு தாளில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அந்தத் தாளை மகள் கிளம்பும் முன்பே வாங்குங்கள். டெல்லியில் எடுக்கும் பாடங்களின் குறியீடு, இங்கே அதற்குச் சமமான பாடத்தின் குறியீடு, இரண்டின் கிரெடிட், அங்கே வாங்கும் கிரேடை இங்கே எப்படிக் கணக்கிடுவார்கள். துறைத் தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருவருடைய கையெழுத்தும் தேதியும் வேண்டும். அங்கே போனபிறகு ஏதாவது பாடம் நிரம்பி வேறு பாடம் எடுக்க நேர்ந்தால், அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளட்டும். சில கிரெடிட் குறைந்தால் ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடத்தால் ஈடுகட்ட முடியுமா என்றும் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் பாடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான், டெல்லியில் இருந்தபடியே எழுதலாம். ஆனால் கல்லூரி ஒப்புக்கொண்டதும் அதே தாளில் ஏற வேண்டும். இந்தத் தாள் கைக்கு வராமல் சேவைக் கட்டணமோ டெபாசிட்டோ கட்ட வேண்டாம். பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் கல்லூரிக்கும் ஹாஸ்டலுக்கும் மட்டுமே 96,000 மறுபடி ஆகும், ஆறு மாதச் சம்பளமும் போகும்.

ஜூனில் சீட்டு முடிந்ததும் அடுத்த சீட்டில் சேரச் சொல்லி யாராவது கேட்பார்கள். டிசம்பர் வரை சேராதீர்கள். மாதம் கட்டிவந்த அந்த 5,000 ரூபாயை ஜூலையிலிருந்து சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள், நவம்பருக்குள் 25,000 சேரும். காய்ச்சலோ, போன் தொலைந்ததோ, அவசரமாக ஊர் வர வேண்டியதோ, எல்லாவற்றுக்கும் அந்தப் பணம். அதுவும் போதாத ஒரு சூழ்நிலைக்காகத்தான் வீட்டில் நகை இருக்க வேண்டும். போகும்போதே அடகு வைத்துவிட்டால் அப்புறம் கையில் என்ன இருக்கும்? உங்கள் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் மகள் பெயர் இருக்கிறதா, டெல்லியில் எந்த மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம் என்பதையும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் 10,000 எப்போது திரும்ப வரும் என்பதை ரசீதில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். டிசம்பரில் அறையைக் காலி செய்த அன்றே சாவி ஒப்படைத்ததற்குக் கையெழுத்தும் வாங்க வேண்டும். வார்டன் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மறுத்திருந்தால், வங்கி மேலாளருக்கு என்ன எழுத வேண்டும் என்பதை நானே எழுதி அனுப்புகிறேன்.