ஜப்பானின் கோபே நகரம் எப்படிப்பட்டது? அதன் அமைப்பு, வானிலை, வரலாறு பற்றிச் சொல்ல முடியுமா?

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு கோபே போகிறோம், ஊர் எப்படி இருக்கும், குளிர் தாங்குமா, நிலநடுக்கம் பயப்படும்படி இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரக்குக் கப்பல் சம்பந்தப்பட்ட வேலையில் சில வருடம் அங்கே இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மாட்டிறைச்சி விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம், கோபே என்றாலே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த மாடுகள் தாஜிமா வகை. கோபேயைத் தலைநகராகக் கொண்ட ஹியோகோ மாகாணம் முழுக்க வளர்க்கிறார்கள். துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தின்று புகழ்ந்ததில் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ரொக்கோ மலையிலிருந்து தொடங்க வேண்டும். வடக்கே 931 மீட்டர் உயரத்துக்கு மலை, தெற்கே ஒசாகா விரிகுடா. நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்தில் கிழக்கு மேற்காக நீண்ட ஒரு பட்டை. கோபே என்று உலகம் அறிந்திருப்பது அந்தப் பட்டையைத்தான். கணக்குப்படி மாநகரத்தின் பரப்பு 550 சதுர கிலோமீட்டருக்கு மேல், மக்கள் தொகை சுமார் 15 லட்சம். ஆனால் அந்தப் பரப்பில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம், வயலும் புதுக் குடியிருப்புகளுமாகக் கிடக்கிறது. பட்டைக்குள் வாழ்பவர்கள் வழி சொல்லும்போது வடக்கு தெற்கு என்று சொல்வது அரிது. மலைப் பக்கம், கடல் பக்கம் என்பார்கள். ஊரின் மையமான சன்னோமியா பகுதிப் பெரிய கடைகளில் வாசல்களுக்குக்கூட அப்படித்தான் பலகை மாட்டியிருக்கும். தலையைத் தூக்கினால் மலை தெரியும், எனவே வழி தவறவே முடியாது.

அந்த மலை கருங்கல் மலை. பூமிக்கடியில் இருக்கும் பிளவுகளின் இரு பக்கமும் ஒன்றையொன்று நெருக்க, கடந்த பத்து லட்சம் ஆண்டுகளாக மலைப் பக்கம் மேலே எழும்பிக்கொண்டும் விரிகுடாப் பக்கம் கீழே இறங்கிக்கொண்டும் இருக்கிறது. மலைக்குப் பக்கத்திலேயே ஆழமான கடல் அமைந்ததற்கும், பின்னால் சொல்லப்போகிற 1995 நிலநடுக்கத்துக்கும் காரணம் இதே அசைவுதான்.

கருங்கல் மழையிலும் வெயிலிலும் சிதைந்தால் சொரசொரவென்று மணலாக உதிரும். மலையிலிருந்து கடலுக்கு ஆறுகள் ஓடும் தூரம் சில கிலோமீட்டர்தான், சரிவோ மிக அதிகம். மழை பெய்தால் அந்த மணலையெல்லாம் வாரிக்கொண்டு வந்து அடிவாரத்தில் கொட்டும். கரையை உயர்த்தினால் படுகையும் உயரும், மறுபடி கரையை உயர்த்துவார்கள். இப்படியே நூற்றாண்டுகள் போனதில் சில ஆறுகள் சுற்றியுள்ள வீடுகளைவிட உயரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டன. ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையே 1874இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதைக்காக, பாலத்துக்குப் பதில் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். இஷியா ஆற்றின் கீழே 1871இல் முடிந்த அதுதான் ஜப்பானின் முதல் ரயில் சுரங்கம். மலையைக் குடையாமல் ஆற்றைக் குடைந்து தொடங்கிய நாடு! அந்தச் சுரங்கம் இப்போது இல்லை. ஆனால் சுமியோஷி ஆற்றையும், பக்கத்து ஊரான ஆஷியாவின் ஆற்றையும் ரயில் இன்றைக்கும் அடியில் புகுந்துதான் கடக்கிறது. போகும்போது கவனித்துப் பாருங்கள்.

இதன் கொடூரமான பக்கம் 1938 ஜூலையில் தெரிந்தது. மூன்று நாள் மழையில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து ஊருக்குள் இறங்கி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். விறகுக்காகவும் வேறு தேவைகளுக்காகவும் பல காலம் வெட்டி வெட்டி ரொக்கோ மொட்டை மலையாகக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். 1902இலிருந்தே மரம் நட ஆரம்பித்திருந்தார்கள், ஆனாலும் போதவில்லை. இன்று நீங்கள் பார்க்கப்போகும் பச்சை மலை பெரும்பாலும் மனிதர் நட்டு வளர்த்தது. அதற்குள் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மண் தடுப்பணைகள் ஒளிந்திருக்கின்றன. இவ்வளவு செய்தும் 2008 ஜூலையில் தோகா ஆற்றில் பத்தே நிமிடத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் ஏறி, கரையோரப் பூங்காவில் இருந்த குழந்தைகள் உட்பட ஐந்து பேரை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எச்சரிக்கை விளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஆற்றோரம் பிள்ளைகளோடு நடக்கும்போது அந்த விளக்கு சுழன்றாலோ, மலைமேல் மேகம் கருத்தாலோ உடனே மேலே ஏறிவிடுங்கள். உங்கள் தலைக்கு மேல் மழை இல்லை என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

சரி, வானிலை. நீங்கள் பயப்படும் அளவுக்குக் குளிர் இல்லை. ஆண்டுச் சராசரி சுமார் 17 டிகிரி, ஜனவரிச் சராசரி 6 டிகிரி அளவில். கடலோரத்தில் பனி விழுந்தாலும் தங்குவது அபூர்வம், மலை உச்சியில் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சிரமம் தருவது காற்றுதான். குளிர்காலத்தில் மலையிலிருந்து கீழே சரிந்து வீசும் காற்றுக்கு ரொக்கோ ஒரோஷி என்று பெயர். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதீர்கள். ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஜப்பானுக்கு இது கொஞ்சம்தான். வடக்கே சுகோக்கு மலைகளும் தெற்கே ஷிகோக்குத் தீவும் ஈரக்காற்றைத் தடுத்துவிடுகின்றன. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடு வரை சிணுங்கல் மழைக்காலம், அப்புறம் புழுக்கம். ஆகஸ்டில் பகல் 32, 33 டிகிரி என்றால் பெரிதாகத் தெரியாது. ஆனால் மாலையில் கடற்காற்று நின்று நிலக்காற்று தொடங்கும் இடைவெளியில் ஓர் இலைகூட ஆடாது, அதுதான் பொறுக்க முடியாதது. கேபிள் ரயிலில் மலைமேல் போனால் ஐந்தாறு டிகிரி குறைந்துவிடும். ஆர்தர் குரூம் என்ற ஆங்கிலேய வியாபாரி 1895இல் மலைமேல் வீடு கட்டிக்கொண்டு போனதே இதற்காகத்தான். சும்மா இருக்காமல் 1903இல் ஜப்பானின் முதல் கோல்ஃப் மைதானத்தையும் அங்கேயே தொடங்கிவிட்டார்.

செப்டம்பர் சூறாவளிகளைக் கொஞ்சம் மதியுங்கள். 2018 செப்டம்பரில் வந்த ஒன்று கடல்மட்டத்தை 2.33 மீட்டருக்கு உயர்த்தியது, கோபேயில் அதுவரை பதிவான எல்லாவற்றையும்விட அதிகம். துறைமுகத்தில் அடுக்கியிருந்த கன்டெய்னர்கள் மிதந்து போயின.

இந்த மலை கொடுத்த நல்லவற்றையும் சொல்ல வேண்டும். நாடா என்ற கிழக்குப் பகுதி ஜப்பானின் அரிசி மதுவுக்குப் பேர்போன இடம். மலையிலிருந்து வரும் சிற்றாறுகளில் நீர்ச்சக்கரம் வைத்து அரிசியைத் தீட்டினார்கள். குளிர்கால மலைக்காற்று வடிசாலைகளுக்குத் தேவையான குளிர்ச்சியைக் கொடுத்தது. பக்கத்து நிஷினோமியாவின் கிணற்று நீரில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அந்த நீரின் மகிமையை 1840 வாக்கில் ஒரு வடிப்பாளர் கண்டுபிடித்தார். சரக்கைக் கப்பலில் ஏற்றி டோக்கியோவுக்கு (அப்போது எடோ) அனுப்பக் கடல் வாசலிலேயே இருந்தது. ஷின்கோபே ரயில் நிலையத்துக்குப் பின்னால் நடக்கும் தூரத்தில் நுனோபிக்கி அருவி. அதற்கு மேலே 1900இல் கட்டிய அணை, ஜப்பானில் கான்கிரீட்டால் எழுப்பிய முதல் பெரிய அணை. அந்தத் தண்ணீர் பூமத்திய ரேகையைக் கடந்தாலும் கெடாது என்று மாலுமிகள் கொண்டாடியதாகத் துறைமுகத்தில் கதை உண்டு.

வரலாற்றில் முதலில் வருவது கோபே அல்ல, அதற்கு மேற்கே இருந்த ஹியோகோ துறைமுகம். வாடா முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு மேற்கு அலைகளைத் தடுத்ததால் அங்கே கப்பல் ஒதுங்க முடிந்தது. 12ஆம் நூற்றாண்டில் தைரா நோ கியோமோரி என்ற படைத்தலைவர் சீனாவின் சுங் வம்ச வியாபாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவர நினைத்தார். தென்கிழக்குக் காற்றைத் தடுக்கக் கடலில் கல்லைப் போட்டு ஒரு தீவே எழுப்பினார். கற்களில் பௌத்த சூத்திரங்களை எழுதிப் போட்டார்கள் என்பது வழக்கு. 1180இல் தலைநகரையே கியோட்டோவிலிருந்து இங்கே ஃபுக்குஹாராவுக்கு மாற்றினார், ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. 1184இல் எதிரிக் குலமான மினமோட்டோவின் படை அவர் குலத்தாரை இதே மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கி முறியடித்தது.

அடுத்த பெரிய தேதி 1868 ஜனவரி 1. மேற்கு நாடுகளோடு செய்த ஒப்பந்தப்படி வெளிநாட்டாருக்குத் திறக்க வேண்டியது ஹியோகோ. ஆனால் சனம் நெருங்கிய ஊருக்குள் அந்நியர் வேண்டாம் என்று மூன்றரை கிலோமீட்டர் கிழக்கே மணல் வெளியும் வயலுமாக இருந்த கோபே கிராமத்தைக் காட்டிவிட்டார்கள். அங்கே 126 மனைகளாக ஒழுங்காகத் தெருப் பிரித்து வெளிநாட்டார் குடியிருப்பு எழுந்தது. சீனர்களோடு ஜப்பானுக்கு அப்போது ஒப்பந்தம் இல்லாததால் அவர்களுக்கு உள்ளே இடமில்லை. மேற்கு ஓரத்தில் ஒட்டி வாழ்ந்தார்கள், அதுதான் இன்றைய நான்கின்மாச்சி கடைத்தெரு.

இந்தியர்கள் வந்த கதையிலும் ஒரு நிலநடுக்கம் இருக்கிறது. 1923இல் யோகோஹாமா தரைமட்டமானபோது அங்கிருந்த பட்டு, துணி வியாபாரிகள், பெரும்பாலும் சிந்திகள், கோபேக்கு இடம் பெயர்ந்தார்கள். 1935இல் திறந்த கோபே மசூதிக்கு இந்திய வியாபாரிகளின் பணமும் போனது. 1945 குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தபோதும் 1995இலும் அது நின்றது. முத்து வியாபாரத்துக்கு வந்த சமணர்கள் 1985இல் கோயில் கட்டினார்கள். மசூதியும் கோயிலும் மலையடிவாரத்துக் கிட்டானோ பகுதியில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு: பிரேசிலுக்குக் கூலி வேலைக்குப் போன முதல் ஜப்பானியக் கூட்டம், 781 பேர், 1908 ஏப்ரலில் கசாட்டோ மாரு கப்பலில் இங்கிருந்துதான் புறப்பட்டது.

போருக்குப் பிறகு ஊருக்கு இடம் போதவில்லை. என்ன செய்தார்கள்? மேற்கே சுமா பக்கத்து மலைகளை வெட்டினார்கள். மண்ணை நிலத்தடிக் கன்வேயர் பெல்டில் கடற்கரைக்குக் கொண்டுவந்து, படகில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். 1966இல் தொடங்கி 1981இல் போர்ட் ஐலண்ட் தயாரானது, பிறகு ரொக்கோ ஐலண்ட், 2006இல் விமான நிலையத் தீவு. மலையை வெட்டிய இடம் குடியிருப்பு, மண்ணைக் கொட்டிய இடம் துறைமுகம். கியோமோரி செய்ததைத்தான் இயந்திரம் வைத்துச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1995 ஜனவரி 17, அதிகாலை 5:46. அவாஜித் தீவின் வட முனைக்கருகே தொடங்கிய முறிவு கோபேக்கு அடியில் ஓடியது, ரிக்டர் வழக்கில் சொன்னால் 7.3. பலமான ஆட்டம் இருபது விநாடிகூட இல்லை. மொத்தச் சாவு 6,434, முழுதாக இடிந்த வீடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். மோசமான சேதம் பிளவுக்கு நேர் மேலே விழவில்லை. சற்றுத் தெற்கே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நீண்ட கோடாக விழுந்தது. மலையின் கெட்டிப் பாறை முடிந்து கடலோரப் படிவு மண் தொடங்கும் விளிம்பில், கீழிருந்து வந்த அலையும் பக்கவாட்டில் வந்த அலையும் ஒன்றுசேர்ந்து பெரிதானதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சூறாவளிக்குப் பறக்காமலிருக்க மண் பூசிக் கனமான ஓடு போட்ட பழைய மர வீடுகள், ஆட்டம் வந்ததும் அதே ஓட்டின் பாரத்தில் உட்கார்ந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி நசுங்கியவர்கள். ரப்பர், செயற்கைத் தோல் செருப்புப் பட்டறைகள் நெருங்கியிருந்த நாகாட்டாவில் தீ பிடித்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்ததால் தீயணைப்பு வீரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஃபுகாயே என்ற இடத்தில் உயர்மட்ட நெடுஞ்சாலை 600 மீட்டருக்கு மேல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. கொட்டி எழுப்பிய தீவுகளில் மண் குழம்பாகி நீர் பொங்கியது, கப்பல் துறைச் சுவர்கள் கடல் பக்கம் நகர்ந்தன. உடைந்த துறையில் 60 மீட்டரை மெரிக்கன் பூங்காவில் அப்படியே விட்டிருக்கிறார்கள், விளக்குக் கம்பங்கள் சாய்ந்தபடி இருக்கும். கோபேக்கும் அவாஜித் தீவுக்கும் நடுவிலுள்ள அகாஷி நீரிணையில் அப்போது பாதி கட்டியிருந்த தொங்கு பாலத்தின் இரண்டு கோபுரங்களும் விலகிப் போயின. 1,990 மீட்டர் என்று போட்ட நடு இடைவெளி 1,991 மீட்டராகி, அப்படியே 1998இல் திறந்தார்கள்.

என் தொழிலைப் பொறுத்தவரை கோபேக்கு விழுந்த பெரிய அடி அதற்குப் பிறகுதான். 1994இல் உலகின் ஆறாவது கன்டெய்னர் துறைமுகம். துறையைச் சரிசெய்ய இரண்டு வருடம் ஆனது, அதற்குள் இடைமாற்றுச் சரக்கு (ஒரு கப்பலில் இருந்து இறக்கி வேறு கப்பலில் ஏற்றி அனுப்புவது) கொரியாவின் பூசானுக்கும் மற்ற ஆசியத் துறைகளுக்கும் போய்விட்டது. அந்தச் சரக்கு பழைய அளவில் திரும்பி வரவேயில்லை. நிலநடுக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, கொரியர்கள் அதற்கு முன்பே பெரிதாக முதலீடு செய்துகொண்டிருந்தார்கள்.

இனி வீடு. வாடகை பார்க்கும்போது கட்டிய வருடத்தைக் கேளுங்கள். 1981 ஜூனில் நிலநடுக்க விதிகள் கடுமையாக்கப்பட்டன, 1995இல் அதற்குப் பிந்தைய கட்டடங்கள் பெரும்பாலும் தாங்கின. மலைப் பக்கம் காட்சி அழகு, ஆனால் காய்கறிப் பையோடு ஏற வேண்டும், மண்சரிவு எச்சரிக்கை வரும்போது வெளியேற வேண்டியிருக்கும். தீவுகளில் தெருக்கள் அகலம், பிள்ளைகளுக்கு வசதி, வெளிநாட்டார் பள்ளி உண்டு. சூறாவளி நாளில் பாலம் மூடினால் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். மாநகராட்சி ஒவ்வொரு வார்டுக்கும் அபாய வரைபடம் வெளியிடுகிறது, முன்பணம் கொடுப்பதற்கு முன் அதில் உங்கள் முகவரியைப் பாருங்கள். நானாக இருந்தால் நாடாவில், ரயில் பாதைக்குச் சற்று மேலே, ஆற்றை ஒட்டாமல் ஒரு வீடு தேடுவேன். பருப்பு, மசாலாவுக்குக் கிட்டானோ, சன்னோமியா பக்கம் இந்தியக் கடைகள் இருக்கின்றன, ரயிலில் பத்து நிமிடம்தான்.