சும்மா கிடந்த நிலமா?

கேள்வி: அமெரிக்காவில் அந்தக் காலத்துப் போர்வீரர்களுக்கு வயதான பிறகு, சும்மா கிடந்த நிலத்தை அரசாங்கம் சும்மா எழுதிக் கொடுத்ததாகப் படித்தேன். ஆபிரகாம் லிங்கன்கூட வாங்கினாராமே? நல்ல திட்டம்தானே?
(கல்லூரி மாணவர், தென்காசி)

பதில்: லிங்கன் வாங்கியது உண்மை. திட்டம் நல்லதா என்பதை அப்புறம் பார்ப்போம். உங்கள் கேள்வியில் 'சும்மா' இரண்டு தடவை வருகிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

சும்மா வந்தேன் என்றால் வேலை எதுவும் இல்லாமல் வந்தேன் என்று அர்த்தம். சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்கவில்லை. சும்மா இரு என்றால் வாயை மூடு. சரி, நிலம் சும்மா கிடந்தது என்றால்? அங்கே யாருமே இல்லை என்றா, இருந்தவர்களை நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்றா? சில வருடங்களுக்கு முன் இந்த இதழுக்கு வந்த ஒரு கட்டுரையில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் 'கன்னி நிலம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். எழுதியவருக்குக் கோபம். அழகான சொல்லைக் கெடுத்துவிட்டேன் என்று நீண்ட கடிதம் போட்டார், அதன் பிறகு எங்களுக்கு எழுதுவதையே நிறுத்திவிட்டார். இன்றைக்கு வந்தாலும் அடிப்பேன். ஆயிரம் பேர் சோளம் விதைத்து, இறந்தவர்களைப் புதைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த மண்ணைக் கன்னி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

லிங்கனிடம் வருகிறேன். 1832-இல் இல்லினாய் மாநிலத்தில் பிளாக் ஹாக் போர் நடந்தது. பிளாக் ஹாக், சாக் என்ற பூர்வகுடி இனத்தின் முதிய தலைவர். அவர்களுடைய ஊர் சாகெனக், ராக் ஆறு மிசிசிப்பியில் சேரும் இடத்தில் இருந்தது. 1804-இல் ஒரு சிலரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தைக் காட்டி அந்த ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏறத்தாழ 5 கோடி ஏக்கரை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் அந்த ஒப்பந்தத்தில், பதிலுக்கு வருடத்துக்கு 1,000 டாலர்: சாக் மக்களுக்கு 600, அவர்களின் கூட்டாளிகளான மெஸ்குவாக்கி மக்களுக்கு 400. அந்த ஆயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக் ஹாக் பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் அழைத்துக்கொண்டு 1832 ஏப்ரலில் மிசிசிப்பியைக் கடந்து திரும்பி வந்தார். மாநிலம் படை திரட்டியது. 23 வயது லிங்கன் அதில் சேர்ந்தார். கூட இருந்த இளைஞர்களே அவரைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று தடவை பெயர் பதிந்து, மொத்தம் 80 நாள் போல இருந்தார், சண்டை எதையும் பார்க்கவில்லை.

இதைப் பற்றி 1848 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சு எனக்கு மிகவும் பிடித்தது. லிங்கனுக்கு எதிரான கட்சி அந்த வருடம் லூயிஸ் காஸ் என்பவரை அதிபர் தேர்தலில் நிறுத்தி, பெரிய போர் வீரர் என்று கொண்டாடியது. லிங்கன் எழுந்தார். நானும் ஒரு வீரன்தான், தெரியுமா என்று தொடங்கினார். காஸ் தன் வாளை உடைத்தாராம், என்னிடம் உடைக்க வாளே கிடையாது, ஒரு தடவை துப்பாக்கியை மட்டும் தெரியாமல் வளைத்துவிட்டேன் என்றார். அவர் எனக்கு முன்னால் போய்க் காட்டுப்பழம் பறித்திருக்கலாம், காட்டு வெங்காயத்தின் மேல் படையெடுத்ததில் நான்தான் முந்தி என்றார். சண்டை போடும் இந்தியர் (பூர்வகுடிகளை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்) ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை, ஆனால் கொசுக்களோடு ரத்தம் சிந்திப் பல போர் நடத்தினேன், ரத்தம் போய் மயங்கி விழவில்லை என்றாலும் பல நாள் பசியோடு கிடந்தேன் என்றார்.

தன் வீரத்தை இப்படிக் கேலி செய்துகொள்ள நேர்மை வேண்டும். அந்த நேர்மைக்காகவே லிங்கனை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒன்று விடுபட்டுப் போகிறது. அவர் ஊர் திரும்பிய சில வாரங்களில், ஆகஸ்ட் 2 அன்று, பேட் ஆக்ஸ் என்ற இடத்தில், மிசிசிப்பியைத் திரும்பக் கடந்து தப்பிக்கப் பார்த்த குடும்பங்களைக் கரையிலிருந்து ராணுவமும் ஆற்றிலிருந்து நீராவிப் படகும் சுட்டன. அந்தக் கோடைக்காலத்துக்குள் பிளாக் ஹாக் கூட்டத்தில் பல நூறு பேர் செத்தார்கள். லிங்கன் கிண்டல் செய்த அதே காஸ்தான் அப்போது போர்த்துறை அமைச்சர்.

இந்தப் போருக்குத்தான் நிலம். 1850-இல் வந்த சட்டப்படி 1790-க்குப் பிறகு பூர்வகுடிகளோடு நடந்த போர்களிலும் பிரிட்டனோடு நடந்த 1812 போரிலும் இருந்தவர்களுக்கு, ஒரு மாதம் இருந்தால் 40 ஏக்கர், நாலு மாதத்துக்கு 80, ஒன்பது மாதத்துக்கு 160. 1855-இல் அதையும் தளர்த்தி, 14 நாள் இருந்தாலே 160 ஏக்கர் என்றார்கள். விதவைகள் கேட்கலாம், வண்டியோட்டிகள் கேட்கலாம், அமெரிக்கப் படையோடு சேர்ந்து போரிட்ட பூர்வகுடிகளும் கேட்கலாம். 1847 முதல் 1855 வரை வந்த சட்டங்களில் ஐந்தரை லட்சம் அளவுக்கு நிலச்சீட்டு போனது, 6 கோடி ஏக்கருக்கு மேல்.

கேட்டவர்களில் நிறையப் பேர் கிழவர்கள். 1812 போரில் 20 வயதில் துப்பாக்கி எடுத்தவருக்கு 1855-இல் 63 வயது. பணிவிடுப்புக் காகிதம் எலி கடித்தோ நெருப்பில் வெந்தோ போயிருக்கும். நீதிபதி முன்னால் போய்ச் சத்தியம் செய்ய வேண்டும், எந்தக் கேப்டனின் கீழ், எந்த மாதம், எத்தனை நாள் என்று நாற்பது வருடத்துக்கு முந்தியதைச் சொல்ல வேண்டும், இவரைத் தெரியும் என்று சொல்லச் சாட்சி வேண்டும். இவ்வளவும் முடிந்து சீட்டு கைக்கு வந்தால், நிலமோ எங்கோ மேற்கில். 70 வயதில் அயோவாவுக்குப் போய்ப் புல்வெளியை உடைத்து உழ யாரால் முடியும்? 1852 முதல் சீட்டைக் கைமாற்றலாம் என்று சட்டம் வந்ததால் பெரும்பாலோர் தரகரிடம் விற்றார்கள். அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 1.25 டாலர், 160 ஏக்கருக்கு 200 டாலர். சீட்டு அதற்கும் குறைவாகத்தான் போகும். மீதி ஆதாயம் வாங்கி வைத்தவனுக்கு. அந்தக் கிழவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த வாக்கை முழுசாகக் காப்பாற்றாமல் காகிதத்தில் முடித்தார்கள்.

லிங்கன் விற்கவில்லை. 1850 சட்டத்தில் கிடைத்த 40 ஏக்கரை அயோவாவில் டாமா கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் போல) எடுத்தார். 1855 சட்டத்தில் மீதி 120 ஏக்கரைக் கிராஃபோர்டு கவுன்ட்டியில் எடுத்தார். இரண்டும் வைத்திருப்பதாக 1860 தேர்தலுக்காகத் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பிலும் சொல்லியிருக்கிறார். ஒரு நாளும் அங்கே ஏர் பிடித்ததில்லை.

இப்போது அந்த டாமா கவுன்ட்டி. சாக் மக்களின் நெடுநாள் கூட்டாளிகள் மெஸ்குவாக்கி. அந்தப் பெயருக்குச் செம்மண் மக்கள் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'நரி' என்ற பெயர்தான் சர்க்கார் காகிதங்களில் நின்றது. நம் ஊரில் எல்லாரையும் சேர்த்து 'செவ்விந்தியர்' என்று எழுதுகிறார்கள். இந்த இதழில் அந்தச் சொல் வராது, அவரவர் வைத்துக்கொண்ட பெயர்தான் வரும்.

1842 ஒப்பந்தத்துக்குப் பிறகு இவர்களையும் கான்சஸுக்குத் துரத்தினார்கள். சிலர் போகாமல் ஒளிந்துகொண்டார்கள், சிலர் போய்விட்டுத் திரும்பினார்கள். 1857 ஜூலையில் தங்கள் பணத்தைத் திரட்டி, டாமா கவுன்ட்டியில் அயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கர் வாங்கினார்கள். விலை 1,000 டாலர். ஏக்கருக்கு 12.50 டாலர், அரசு விலையைப் போலப் பத்து மடங்கு. ஒரு காலத்தில் 5 கோடி ஏக்கருக்கு வருடத்துக்கு ஆயிரம் என்று இரண்டு இனத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்களின் நாட்டில், இப்போது 80 ஏக்கருக்கு அதே ஆயிரம். பத்திரத்தை ஆளுநர் பெயரில் வைத்தார்கள். கான்சஸுக்குப் போகாத குற்றத்துக்கு, ஒப்பந்தப்படி வர வேண்டிய வருடாந்தரப் பணமும் 1867 வரை வரவில்லை.

கொசுவோடு போராடியவருக்கு 40 ஏக்கர் இலவசம், அதே கவுன்ட்டியில் மண்ணுக்கு உரியவர்களுக்கு 80 ஏக்கர் காசுக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் உங்கள் 'சும்மா'. திட்டம் நல்லதா என்றால், என் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1941 ஜனவரியில் அந்த டாமா கவுன்ட்டி மெஸ்குவாக்கி ஆண்கள் 27 பேர் சேர்ந்து போய் அமெரிக்க ராணுவத்தில் பதிந்தார்கள். அவர்களில் 8 பேர் வட ஆப்பிரிக்காவில் தங்கள் மொழியிலேயே வானொலிச் செய்தி அனுப்பினார்கள். எதிரிக்கு அது புரியவே இல்லை. அந்த 80 ஏக்கர் இன்று 8,000-க்கு மேல் வளர்ந்திருக்கிறது, பெரும்பாலும் அவர்களே விலை கொடுத்து வாங்கியது.